விட்டுப்போன ஒரு சாண் ஐஸ்

சறுக்கு மைதானத்து ஐஸைப் பூசி முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் தந்திருந்தார்கள். புவனேந்திரனுக்குப் பத்துப் போதும். இருபத்திரண்டு வருடமாகப் பத்துத்தான். மெசினைக் கதவால் உள்ளே எடுத்து, பின் தகட்டை இறக்கி, வெந்நீரைத் திறந்துவிட்டு, பலகைச் சுவர் ஓரமாக முதற் சுற்றைத் தொடங்கினார். ஊரெல்லாம் இதைச் சம்போனி என்கிறது, அவருக்கு மெசின். கீழே ஒரு கத்தி ஐஸை மேலாகச் சீவும், சீவின தூளைத் தொட்டி விழுங்கும், பின்னால் ஒரு துணி வெந்நீரைப் பூசிக்கொண்டு வரும், பூசினது கண்ணாடியாக உறையும். அவ்வளவுதான். இதில் பார்க்க என்ன இருக்கிறதென்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் மெசின் உள்ளே வந்தால் போதும், இருக்கைகளில் உள்ள சின்னதுகளெல்லாம் எழும்பிக் கை காட்டத் தொடங்கிவிடும். திருப்பிக் காட்ட வேண்டும்; அதுவும் வேலைதான் என்று மனேஜர் சொல்லியிருக்கிறான். இடக்கையைக் காட்டினார். வலக்கையைக் காட்டுவதில்லை. வலக்கையின் நடுவிரல் மடங்காது. ஒருமுறை அந்தக் கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு போக, உங்கள் டிரைவர் என் பிள்ளைக்குக் கெட்ட விரல் காட்டுகிறார் என்று ஒரு தாய் கந்தோரில் முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டாள். எக்ஸ்ரே படத்தைக் கொண்டுபோய்க் காட்டி வேலையைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. மனேஜர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது எப்போது முறிந்தது என்று கேட்டான். எண்பத்தோராம் ஆண்டு, ஊரில், உதைபந்தாட்ட இறுதி ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு. பிறகு விளையாடினீரோ என்று கேட்டான். கோல் காப்பாளன் விளையாடாவிட்டால் வேறு யார் விளையாடுவது. துணியைச் சுற்றிக்கொண்டு நின்றார். இரண்டு கோல் தடுத்தார். கப் வந்தது. அந்தக் கப் இப்போது எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. விரல் கூடவே இருக்கிறது.

அது கிடக்கட்டும். இன்றைக்கு யோசிக்க வேறோர் உறுப்பு இருக்கிறது. கால். ஆரபியின் வலது கால். ஆரபி அவர் மகள், இருபது வயது, இந்த மெசின் வெளியே போனதும் சறுக்கு நடனப் போட்டிக்கு உள்ளே வரப்போகிற ஆறு பெண்களில் ஒருத்தி. அதிலும் சீட்டு எடுத்ததில் முதலாவதாக ஆட வேண்டியவள். கதவடியில் நிற்கிறாள். இந்தப் பக்கத்தால் போகும்போது தெரிவாள், அந்தப் பக்கத்தால் போகும்போது தெரியமாட்டாள். இப்போது தெரிந்தாள். கறுப்புச் சட்டைக்கு மேலே ஒரு பழைய ஸ்வெற்றர், இறுக்கி முடிந்த கொண்டை, ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்குப் பாரத்தை மாற்றி மாற்றி நின்றாள். எந்தக் காலில் கூட நேரம் நின்றாள்? பார்க்க முதல் மெசின் திரும்பிவிட்டது. காலமை காரில் கேட்டாள். வோர்டன் சந்தியில் சிவப்பு விளக்கு. ‘அப்பா, லுட்ஸ் போடட்டோ, விடட்டோ?’ சிவப்பு பச்சையாகும்வரை யோசித்தார். ‘தெரியாது’ என்றார். பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். அதோடு கதை முடிந்தது. அவள் ஜன்னலைப் பார்த்தாள், இவர் ரோட்டைப் பார்த்தார், ரேடியோக்காரன் தன்பாட்டில் ஒரு கலியாண மண்டபத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தான். தெரியாது. என்ன பதில் இது. பெற்றோல் எந்த மூலையில் மலிவு என்று கேட்டால் தெரியும். எந்தக் கடையில் பாரைமீன் இன்றைக்கு வந்தது என்று தெரியும். ஐஸ் எத்தனை மில்லிமீற்றர் கனமென்று சப்பாத்துக் குதியால் தட்டியே சொல்லுவார். பெற்ற பிள்ளை ஒன்றே ஒன்று கேட்க, தெரியாது. இரண்டாம் சுற்று. ஒரு சுற்று மற்றச் சுற்றின் மேல் ஓர் அடி ஏறி வரவேண்டும். ஏறாவிட்டால் நடுவில் காய்ந்த பட்டை விழும். பழக வந்த முதல் நாளே கென்றிக் சொல்லித் தந்தது. கென்றிக் ட்ரினிடாட்காரன், கூட வேலை செய்கிறவன், இப்போது கதவடியில் ஐஸ் தூள் அள்ளுகிற நீள அகப்பையோடு நிற்கிறான். அவர் பட்டை விட்டதில்லை. ஒருநாளும் இல்லை.

லுட்ஸ் என்றால் ஒரு துள்ளல். பின்பக்கமாக நீளத்துக்கு வளைந்து வந்து, மூலையில் வலது காலில் பூட்டிய கத்தியின் முன்பல்லை ஐஸில் குத்தி எழும்பி, காற்றில் மூன்று சுற்றுச் சுற்றி, அதே வலது காலில் இறங்க வேண்டும். குத்துவதும் அந்தக் கால். இறங்குவதும் அந்தக் கால். மற்றக் கால் என்ன செய்கிறது என்று அவர் ஒருமுறை கேட்டிருக்கிறார். ‘அது சும்மா வடிவுக்கு, அப்பா.’ இறங்கும்போது உடம்பின் பாரத்தைப்போல ஐந்து மடங்கு அந்த ஒற்றைக் காலில் விழுமாம், சிலவேளை அதிலும் கூட. டொக்டர் சொன்னது. டொக்டர் படத்தைத் திரையில் போட்டு, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வெள்ளையாய்ப் பூத்திருந்த ஓர் இடத்தைப் பேனாவால் தட்டினான். தமிழ்ப் பெடியன்தான், சரவணபவன் மாஸ்டரின் பேரன். ‘அங்கிள், இது வெடிப்பு இல்லை. வெடிப்பமோ எண்டு எலும்பு யோசிச்சுக்கொண்டு இருக்குது.’ எலும்புக்கும் யோசனை. வீட்டில் யோசிக்கிற ஆட்கள் போதாதென்று. ‘எத்தனை போட்டி தாங்கும்?’ என்று ஆரபி கேட்டாள். பெடியன் கதிரையைச் சுழற்றிக்கொண்டு சிரித்தான். ‘அதை எலும்பிட்டைத்தான் கேக்க வேணும். ஆனால் நான் நீராய் இருந்தால் முழு மூச்சாய் ஒண்டு செய்வன், மற்றதெல்லாம் அரை மூச்சு.’ முழு மூச்சு எதற்கு, அரை மூச்சு எதற்கு. அதுதான் கேள்வி. ஒக்டோபரில் ஒன்று முடிந்தது. நவம்பரில் இது. டிசம்பரில் போலந்து, வெளிநாட்டுப் போட்டி. ஜனவரியில் தேசியப் போட்டி. பரதநாட்டியம் பழக்கியிருக்கலாம் என்று மனிசியின் தமக்கை எந்தக் கலியாண வீட்டிலும் சோற்றுக் கோப்பையோடு வந்து சொல்லுவா. ‘தம்பி, அரங்கேற்றம் எண்டால் ஒருக்காச் செய்தால் முடிஞ்சுது. இது மாசா மாசம் அரங்கேற்றம். காலுக்கு ஓய்வு எங்கை?’ மச்சாள் சொன்னதில் ஒருநாளும் பொருள் இருந்ததில்லை. இதில் இருந்தது. அதுதான் கோபம்.

மூன்றாம் சுற்று. இருக்கையில் ஒரு தொப்பிக்காரப் பிள்ளை இன்னும் கை காட்டுகிறது. கையுளையாதோ இதுகளுக்கு. இடக்கை. சரி, கணக்கை ஒருக்கால் ஒழுங்காகப் போட்டுப் பார்ப்போம். லுட்ஸ் இல்லாமல் ஆடினாலும் ஜனவரிக்குப் போகலாம். பன்னிரண்டு பேரை எடுக்கிறார்கள். நேற்றைய ஆட்டத்தில் அவள் மூன்றாவது. விழுந்தெழும்பினாலும் உள்ளே வந்துவிடுவாள். போலந்து அப்படியில்லை. போலந்துக்கு ஒரே ஓர் இடம். இன்றைய புள்ளியைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். மூன்று சுற்று லுட்ஸ் இல்லாமல் அந்தப் புள்ளி வராது. போட்டு, கால் தாங்கினால், போலந்தும் உண்டு, ஜனவரியும் உண்டு. போட்டு, எலும்பு யோசித்து முடித்துவிட்டதென்றால், போலந்தும் இல்லை, ஜனவரியும் இல்லை, பத்து மாதம் கட்டிலில். அவ்வளவுதான் கணக்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யும். செய்துவிட்டு, விடு என்று சொல்லும். இவர் தெரியாது என்றார். ஆனால் இவர் மட்டுமோ. இரீனா, கோச், ரஷ்யாக்காரி, பிள்ளை கையைத் தூக்குகிற உயரத்துக்கே ஒரு மணித்தியாலம் சண்டை பிடிக்கிறவள், இதைக் கேட்டதும், உன் கால், உன் முடிவு, வார்ம்-அப்புக்கு முதல் சொன்னால் போதும் என்றாளாம். மனிசி மலர், கறிக்கு உப்புக் காணாதென்று சபை நடுவில் சொல்லுகிறவள், ‘உன்ரை விருப்பம் பிள்ளை’ என்றுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். போடு என்று சொல்லி முறிந்தால் சொன்னவன் முறித்தவன் ஆகிறான். விடு என்று சொல்லி ஜனவரியிலும் ஒன்றும் நடக்காவிட்டால் சொன்னவன் கெடுத்தவன் ஆகிறான். ஆகவே எல்லாரும் பெரிய மனசோடு முடிவைப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டு நல்ல பேரோடு இருக்கிறோம். அரிசி மூட்டை மாதிரி. அவள் அதையும் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். ஐந்து மடங்கு என்று டொக்டர் சொன்னது இதைச் சேர்க்காமல்.

ஐஸ் நன்றாக இருக்கிறது. அதையாவது செய்தார். ஹொக்கிக்காரனுக்கு இரும்பு மாதிரி ஐஸ் வேண்டும், கத்தி பட்டால் பறக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று பாகை இளகினது வேண்டும். முன்பல் குத்தினால் பிடிக்க வேண்டும், இறங்கும்போது கொஞ்சம் கொடுக்க வேண்டும், மண்ணில் விழுவதுக்கும் சீமெந்தில் விழுவதுக்கும் உள்ள வித்தியாசம். நேற்றுப் பின்னேரம் ஹொக்கி. ஆகவே காலமை ஐந்து மணிக்கு வந்து குளிரைக் குறைத்துவிட்டுப் போய்த்தான் அவளை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார். சட்டப்படி எவ்வளவோ அவ்வளவு. பிறகு திரும்பப் போய் அரைப் பாகை கூடக் குறைத்தார். அந்த அரைப் பாகை அவளுக்கு. பொத்தானுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மற்ற ஐந்து பிள்ளைகளுக்கும் தகப்பன்மார் இருக்கிறார்கள், அவர்கள் பாவம் பொத்தான் இல்லாமல் இருக்கிறார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. பிறகு, விசர், ஆறு பிள்ளைக்கும் அதே ஐஸ்தானே, இதில் களவு எங்கே என்று இன்னொரு நினைப்பு வந்தது. களவே இல்லாத இடத்தில் களவு செய்த மாதிரி முகம் சிவந்து, அரைப் பாகையைத் திரும்பக் கூட்டிவிட்டு வந்தார். பத்து நிமிடம். ஐஸுக்கு அது தெரிந்தே இருக்காது. அவருக்குத் தெரியும். இப்படித்தான் இரண்டு கிழமையாக. குசினியில் அவள் நடக்கிற சத்தத்தைக் கேட்பார். வலது இடது வலது இடது. வலது கொஞ்சம் மெதுவாய் விழுகிறதோ. கேட்டால், ‘நோகேல்லை அப்பா’ என்பாள். நோகவில்லை என்கிற சொல்லை அவருக்குத் தெரியும். துணியைச் சுற்றிக்கொண்டு தானே சொன்ன சொல். மூன்று நாள் சொன்னார், தாய்க்கும் சொன்னார், கப்டனுக்கும் சொன்னார். பொய்யும் இல்லை. ஆட வேண்டுமென்று நினைக்கிறவனுக்கு உண்மையில் நோகாது. ஆடி முடிந்த பிறகுதான் விரலுக்கு ஞாபகம் வரும்.

ஆக, பயம். பயம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவிடாமல் தொண்டையில் நின்றது என்ன? ஐந்தாம் சுற்றா, ஆறாம் சுற்றா இது. ஆறு. நடு மைதானத்தை நோக்கி வட்டம் சுருங்கிக்கொண்டு வருகிறது. வெளியே பூசினது உறைந்து பளபளக்கிறது. தொண்டையில் நின்றது என்னவென்று அவருக்குத் தெரியும். பார்க்காத பக்கம் போய்ப் பார்த்தால் அங்கே கிடக்கும். ஜாக்கெற். சிவப்பு ஜாக்கெற். போலந்துக்குப் போகிற பிள்ளைக்குக் கொடுப்பார்கள், முதுகில் நாட்டின் பேர் பெரிய எழுத்தில். தேசியப் போட்டிக்குப் போனால் கொடுக்கமாட்டார்கள், வெளிநாட்டுக்குப் போனால்தான். போன வருடம் வேறொரு பிள்ளை போட்டுக்கொண்டு இந்த இடத்துக்கு வந்தாள். இவர் மெசினுக்கு மேலே இருந்துகொண்டு முதுகை வாசித்தார். இங்கிலீஷில் ஆறெழுத்து. அதை ஆரபியின் முதுகில் வைத்துப் பார்த்தார். அன்றைக்குத் தொடங்கினது. இந்தக் கிழமை அது முற்றிவிட்டது. அவளை அந்த ஜாக்கெற்றோடு மரக்கறிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் முன்னுக்குப் போகட்டும். இவர் பத்தடி பின்னால், தெரியாத ஆள் மாதிரி, கத்தரிக்காயைத் தெரிந்துகொண்டு நிற்பார். ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வாசிப்பார்கள். ஒருத்தன் வந்து, அண்ணை, உது உங்கடை பிள்ளையோ என்பான். ம் என்பார். அவ்வளவுதான், ம். அந்த ஒரு ‘ம்’முக்காகப் பிள்ளையின் எலும்பை வைத்து விளையாடுகிறவன் மனிசனோ. ஆனால் ஆசை இருக்கிறதே, அது மனிசனைக் கேட்டுக்கொண்டோ வருகிறது. மச்சாளும் கடையில் நிற்கட்டும். முருங்கைக்காய்ப் பக்கம். ஜாக்கெற் முருங்கைக்காயைக் கடந்து போக, மச்சாள் கையில் இருக்கிற கட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு, தம்பி, நான் அப்பவே சொன்னனான் பிள்ளை நல்லாய் வரும் எண்டு என்பா. சொன்னவவாம். அரங்கேற்றம் எண்டு சொன்னவ. இவருக்குச் சிரிப்பு வந்தது. மெசினுக்கு மேலே தனியே சிரித்துக்கொண்டு போகிற கிழவனைப் பார்த்துத் தொப்பிக்காரப் பிள்ளை இன்னும் பலமாகக் கை காட்டியது. மெசின் தூர மூலையில் வளைந்தது. அவள் லுட்ஸ் போடுகிற மூலை அதுதான். இரண்டு கிழமையாக அந்த மூலையைப் பார்க்க அவருக்குப் பிடிப்பதில்லை. பார்வையை மேலே கொடிகளில் வைத்துக்கொண்டு வளைத்தார். முருங்கைக்காயோடேயே வளைத்தார்.

முதலில் கென்றிக் அகப்பையைத் தூக்கினான். அகப்பையை ஏன் தூக்குகிறான் என்று பார்த்தார். பிறகு இருக்கையில் யாரோ சிரித்தது கேட்டது. பிறகு திரும்பிப் பார்த்தார். பளபளவென்று கண்ணாடியாய்க் கிடந்த ஐஸில், தூர மூலையில், ஒரு சாண் அகலத்துக்குப் பழைய கீறலெல்லாம் அப்படியே தெரிய, மங்கலாய், கோணலாய், வெள்ளையாய் ஒரு பட்டை. ஆளில்லாத வீட்டில் விளக்கு எரிகிற மாதிரி அது மட்டும் தெரிந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானை ஐஸில் வேலை செய்யவில்லை, சறுக்கலாம், இவர் சறுக்கக்கூடாது. இருபத்திரண்டு வருடம். புதுசாய் வந்தவன் விடுகிற பட்டை. பாட்டுப் போடுகிறவன் ஒலிபெருக்கியில் ஒரு சின்னத் தாமதம் என்றான். ஏன் சொல்ல வேண்டும். கண் தெரியாதவனுக்கும் காது கேட்கட்டும் என்றோ. நடுவர் தலைவி, நீலக் கோட்டுக்காரி, கையில் நேரம் பார்க்கிற கடிகாரத்தை உயர்த்திப் பிடித்தாள். யோசனையில் மெசினும் மெதுவாகத்தான் ஓடியிருக்கிறது, பன்னிரண்டு நிமிடம் முடிந்துவிட்டது. அவர் நேரே திருப்பி வெட்டவில்லை. ஈர ஐஸில் குறுக்கே போனால் சக்கரத் தடம் விழும், ஒரு பிழையை மூடப் பத்துப் பிழை. முழு வட்டம் சுற்றித்தான் வரவேண்டும். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க. மெசினுக்கு வேகமும் கிடையாது, நடக்கிற ஆள் முந்திவிடுவான். இப்படி ஒரு நீளமான சுற்று அவர் சீவியத்தில் சுற்றினதில்லை. கதவடியைக் கடந்தார். ஐந்து பெண்கள் பொறுமையில்லாமல் காலை உதறிக்கொண்டு நின்றார்கள். ஆரபி ஸ்வெற்றர்க் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டு நின்றாள். அவள் பட்டையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு இவரைப் பார்த்தாள். பிறகு திரும்பவும் பட்டையைப் பார்த்தாள், அந்த மூலையை, அது எந்த மூலை என்பதை. தோள் குலுங்குவது நின்றது. மெசின் கடந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று தெரியாது. போய் மூலையைப் பூசினார். இந்தமுறை பார்த்துக்கொண்டு பூசினார். வெறும் மூலைதான். ஐஸ்தான். பல் குத்தின குழி ஒன்று பழசாய் இருந்தது, வெந்நீர் அதற்குள் இறங்கி நிரம்பியது. அது நிரம்புகிறவரை கொஞ்சம் மெதுவாகப் போனார். நீலக் கோட்டுக்காரி பார்க்கட்டும்.

கதவடிக்கு வந்தபோது பதினாலு நிமிடம். தகட்டைத் தூக்கி, தண்ணீரைப் பூட்டி, மெசினை வெளியே எடுத்தார். ஆரபி மற்றவர்களை விட்டு மெசின் பக்கமாக வந்து நின்றாள். இரீனா பின்னால் நின்று ஒரு கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“அப்பா.”

“ம்.”

“பட்டை விட்டிட்டீங்கள்.”

“பூசிட்டன்தானே.”

“இருபத்திரண்டு வருசத்திலை முதல் தரம்.”

“ஆர் எண்ணுறது.”

“நீங்கள்தான். போற வாற கலியாண வீடெல்லாம் சொல்லுறது.”

அவர் ஸ்டியரிங்கைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

“காலமை தெரியாது எண்டனீங்கள்” என்றாள்.

“ஓம்.”

“பயமாய் இருக்குது எண்டு சொல்லியிருக்கலாம்.”

“பயம் மட்டுமெண்டால் சொல்லியிருப்பன்.” நீலக் கோட்டுக்காரி கையைச் சுழற்றிக் கெதியாய் என்று காட்டினாள். “போலந்தும் வேணும்போலை கிடந்தது. அந்தச் சிவப்புச் சட்டை. அதுதான் வாயைத் திறக்கேல்லை. என்ரை ஆசை உன்ரை காலிலை ஏறக்கூடாது.”

ஒரே மூச்சில் இவ்வளவு அவர் பேசி எத்தனை வருடம் என்று அவருக்கே தெரியாது. கென்றிக் அகப்பையை ஊன்றிக்கொண்டு, தமிழ் விளங்காவிட்டாலும் கேட்டுக்கொண்டு நின்றான்.

ஆரபி சிரிக்கவில்லை. “எனக்கும்தான் வேணும்போலை கிடந்தது” என்றாள். “கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தனான். ஜாக்கெற் இல்லாமலே.”

“நோகுதோ இப்ப?”

“இல்லை. அதுதான் பயம். நொந்தால் விடுறது லேசு.” ஸ்வெற்றரைக் கழற்றி மெசினின் படியில் வைத்தாள். “ரெண்டு சுத்துத்தான் அப்பா. இரீனாவுக்கு இப்பத்தான் சொன்னனான், நீங்கள் மூலையை ரெண்டாம் தரம் பூசப் போகேக்கை. நீங்கள் ஐஸிலை கோணலாய்ப் போய் நான் ஒருநாளும் பார்க்கேல்லை. உங்களுக்கே அப்பிடியெண்டால் இந்த எலும்பு என்ன பாடு படும்.”

“அப்ப போலந்து?”

கேட்டுவிட்டார். நாக்கைக் கடித்துக்கொள்ள முதல் கேட்டுவிட்டார்.

“போலந்துக்கு நீங்கள் போங்கோ” என்றாள் ஆரபி. “மெசினைக் கொண்டுபோங்கோ. அங்கையும் ஐஸ்தானே.” கத்தி உறைகளைக் கழற்றி இரீனாவிடம் கொடுத்துவிட்டு, அவர் பூசின ஐஸில் முதல் ஆளாய் இறங்கிப் போனாள்.

ஆறு நிமிட வார்ம்-அப்பில் அவர் மெசினை அதன் அறைக்குள் கொண்டுபோய்த் தொட்டியைக் கவிழ்த்தார். சீவின ஐஸ் தூள் மலையாய்க் கொட்டியது. மகள் ஆடுகிறபோது அவர் மைதானத்தில் நிற்பதில்லை. இந்த அறையில்தான், தூள் மலைக்குப் பக்கத்தில், றப்பர்த் திரைக்கு இந்தப் பக்கம். நெஞ்சில் இருந்த பாரம் போய்விட்டது. போன இடத்தில் மீன் முள் மாதிரி ஒன்று நின்றது. சிவப்பு நிற முள். இருக்கட்டும், சோறு இறங்க இறங்க அதுவும் இறங்கும், ஜனவரிவரை கத்தரிக்காய் கடையில் சும்மா கத்தரிக்காயாகவே இருக்கட்டும், மச்சாளும் முருங்கைக்காயைக் கீழே வைக்காமல் நிற்கட்டும். பாட்டுத் தொடங்கியது. வயலினும் தவிலும்; ஒன்றுவிட்ட தமையன் ஒருவன் வெட்டி ஒட்டிக் கொடுத்தது. திரைக்கு இந்தப் பக்கம் ஆட்டம் தெரியாது, கேட்கும். பல் குத்துகிற சத்தம் டொக் என்று கேட்கும். பிறகு ஒன்றுமே கேட்காது. பிறகு கத்தி ஐஸைத் தொட்டு சர்ர் என்று இழுக்கும். நடுவில் ஒன்றும் கேட்காத அந்த இடத்தில்தான் அவள் காற்றில் இருக்கிறாள். பத்து வருடமாக அவர் அதில்தான் சீவிக்கிறார். முதலாவது துள்ளல். டொக். ஒன்றுமில்லை. சர்ர். நல்லது. இரண்டாவது சத்தமில்லாமல் எழும்புகிறது, இறங்குகிற சத்தம் மட்டும். நல்லது. வயலின் இறங்கி, தவில் தனியே ஓடத் தொடங்கியது. நீளத்துக்கு வளைந்து வருகிற கத்தியின் சத்தம், மூலையை நோக்கி, பின்பக்கமாக, நீண்டுகொண்டே போனது. இங்கேதான் அவள் மனசை மாற்றுவாள் என்று நினைத்தார். நோகவில்லை என்றாளே. நோகாதவனுக்குக் கை சும்மா இருக்காது, அவருக்குத் தெரியாததோ. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். டொக்.

சர்ர்.

நடுவில் மூச்சு எடுக்கக்கூட இடம் இருக்கவில்லை. அவ்வளவு சின்னது. பத்து வருடத்தில் அவர் கேட்டதில் மிகச் சின்னது. சனம் கொஞ்சமாய்க் கைதட்டியது. கென்றிக் திரையை நீக்கித் தலையை உள்ளே நீட்டினான்.

“பூவன், உன் மகள் பாதியில் விட்டுவிட்டாள். இரண்டு சுற்றுத்தான்.”

“விடவில்லை” என்றார் புவனேந்திரன். “மிச்சம் வைத்திருக்கிறாள்.”

“எதற்கு?”

“ஜனவரிக்கு. திரையை மூடு, குளிர் போகிறது.”